குங்கும மண்

ஓய்வு கொடுத்து வீட்டுக்கு அனுப்பிய ஆளைத் தோட்டம் திரும்பக் கூப்பிடுகிறது என்றால், ஒன்று அந்த ஆள் பெரிய கெட்டிக்காரனாக இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தோட்டத்தில் வேறு ஆளே இல்லாமல் போயிருக்க வேண்டும். அழகுமுத்து விஷயத்தில் இரண்டாவதுதான் உண்மை. அவரைக் கேட்டால் முதலாவது என்பார். வாலிபப் பிள்ளைகள் எல்லாம் கொழும்புக் கடைகளுக்கும் கட்டட வேலைக்கும் போய்விட்டார்கள். மண்ணை இரண்டடி ஆழத்துக்குத் தோண்டி, நின்று வேர் பொறுக்குகிற வேலைக்கு அறுபத்திரண்டு வயது அழகுமுத்துவும் அவரைப் போன்ற நாலு நரைத்த தலைகளும்தான் மிச்சம்.

கூப்பிட்டவர் மலை வேலைகளைப் பார்க்கும் புதுக் கண்டாக்கு ஜூட்சன். நோட்டன் பிரிட்ஜ் பக்கத்துப் பையன். வேதக்காரக் குடும்பம். வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. வந்த நாளிலிருந்து அவருக்கு ஒரே தலைவலி, தோட்டத்தின் கீழ்ப் பிரிவான கீழ்க்கணக்கில் செத்துக்கொண்டிருக்கும் தேயிலைதான்.

வட்டகொடை ஸ்டேஷனை விட்டு ரயில் வளைந்து ஏறும்போது ஜன்னலோரம் இருப்பவர்களுக்கு அந்த மலை நன்றாகத் தெரியும். பச்சைக்கு நடுவே வட்டம் வட்டமாகப் பழுப்பு. செடிகள் வாடி, இலை காய்ந்து, காய்ந்த இலை உதிரக்கூட மாட்டாமல் கம்பிலேயே தொங்கிக்கொண்டிருக்கும். ஒவ்வொரு வட்டத்தின் ஓரத்திலும், லயத்து வரிசை வீடுகளின் காய்கறிப் பாத்திகள் மலையோடு முட்டுகிற இடத்தில், ஒரு கல்யாண முருங்கை மரம் நிற்கும். அதுவும் பட்டுப்போயிருக்கும். இப்படி ஒன்பது மரங்கள். ஒன்பதுக்கும் தனித்தனியாகப் பெயர் உண்டு. அந்தந்த வீட்டுப் புருசன் பெண்சாதியின் பெயர்கள்தான் அவை.

செவ்வாய்க்கிழமை காலை, அழகுமுத்து மூன்றாவது வட்டத்தில் தோண்டிக்கொண்டிருந்தார்.

"பென்சில் தடிப்பு வேர் ஒண்ணுகூட உள்ளுக்கு நிக்கப்படாதுண்ணே," என்று வரப்பில் நின்று சொன்னார் ஜூட்சன். "எல்லாத்தையும் பொறுக்கி இங்கயே குமிச்சு எரிக்கணும். வெளிய போறப்ப மம்பட்டி, காலு ரெண்டையும் கழுவிட்டுத்தான் போவணும். ஒரு துண்டு மண்ணு ஒட்டிக்கிட்டுப் போனாலும் போற எடத்துல மொளைச்சிரும்."

"என்னா சீக்குங்கையா இது?"

"பூசணம்ணே. வேருல வாற பூசணம். மரம் சாஞ்ச பொறவுதான் வெளிய தெரியும். அந்த வேரக் கழுவிப் பாருங்க."

அழகுமுத்து கையிலிருந்த முருங்கை வேரைக் கானில் ஓடிய தண்ணீரில் கழுவினார். மண் கரைந்தது. வேரின் மேல் சிவப்பு நூல் நூலாக ஓடியிருந்தது. நகத்தால் சுரண்டினார். நூல் பிரிந்து, பொடிந்து, விரல் நுனியில் சிவப்பாக ஒட்டிக்கொண்டது.  அப்புறம் கானோரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

அந்தச் சிவப்பை அவருக்குத் தெரியும். பன்னிரண்டு வருடமாகத் தெரியும். அவர் மனைவி வீரம்மாவின் பித்தளைத் தட்டில் அதைப் பார்த்திருக்கிறார்.

ஜூட்சன் தன் பாட்டுக்குப் பேசிக்கொண்டிருந்தார். "எனக்கு ஒண்ணுதான் வெளங்கல. இது காத்துல பறக்குற பூசணம் இல்ல. மண்ணுக்குள்ள ஒரு வேரு இன்னொரு வேரத் தொட்டாத்தான் தாவும். அப்புறம் எப்படி ஓடைக்கு அங்கிட்டு மேல்லயத்துக்குப் போச்சு? எப்படி ஸ்கூலுக்குப் பின்னாடி போச்சு? நடுவுல ரோடு கெடக்கு, ஓடை கெடக்கு. யாராச்சும் சீக்கு மண்ண அள்ளிக்கிட்டுப் போயி வச்சாத்தான் உண்டு. அப்படி எந்தக் கிறுக்கன் செய்வான், சொல்லுங்க?"

அழகுமுத்து சுத்தமாக இருந்த மம்பட்டியை மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தார்.

எந்தக் கிறுக்கனும் செய்யவில்லை. ஊரே கூடி, மேளம் கொட்டி, குலவை போட்டுச் செய்த காரியம் அது.

கீழ்க்கணக்கில் கல்யாணம் என்றால் பந்தக்காலுக்குக் கல்யாண முருங்கைக் கம்புதான் வெட்டுவார்கள். ஒரு பழைய மண்ணெண்ணெய்த் தகரத்தில் மண் நிரப்பி, அதில் அந்தக் கம்பை ஊன்றி, மஞ்சள் பூசி, மாவிலை கட்டி மணவறை ஓரத்தில் நிறுத்துவார்கள். மூன்றாம் நாள் பெண்ணும் மாப்பிள்ளையும் தகரத்து மண்ணோடு சேர்த்து அந்தக் கம்பைத் தங்கள் காம்பரா வீட்டுக்குப் பக்கத்தில் நடுவார்கள். கம்பு துளிர்த்தால் குடும்பம் துளிர்க்கும். அந்தத் தகரத்துக்கான மண்ணைக் கண்ட இடத்தில் அள்ள மாட்டார்கள். நன்றாக வாழ்கிற ஒரு தம்பதியின் கல்யாண முருங்கை அடியிலிருந்து, அந்த வீட்டுப் பெண் தன் கையால் மூன்று அள்ளு அள்ளிக் கொடுக்க வேண்டும். இந்த வழக்கம் எப்போது வந்தது, யார் கொண்டுவந்தது என்று யாருக்கும் தெரியாது. கேட்டால், எப்பவும் இருக்கிறதுதானே என்பார்கள்.

அழகுமுத்துவின் கல்யாணம் எண்பத்து நாலு வைகாசியில். இன்றைக்கு நினைத்தாலும் அவருக்கு முதலில் ஞாபகம் வருவது மழைதான். தாலி கட்டுகிற நேரத்தில் தொடங்கியது, மூன்று நாளும் விடவில்லை. லயத்துக் கூரையில் கட்டியிருந்த ஒலிபெருக்கிக் குழாய்க்குள் தண்ணீர் போய், பாட்டெல்லாம் கொப்பளித்துக்கொண்டு வந்தது. வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்துத் தகரக் கொட்டகைக்குள் கிடாரம் வைத்துச் சமைத்தார்கள். புகையில் சமைத்தவர்கள் அழுதார்கள், சாப்பிட்டவர்கள் இருமினார்கள். ஆனாலும் அந்தச் சாம்பாரைப் போல ஒரு சாம்பாரை அவர் பிறகு எங்கும் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் கம்பு நடும்போது வீரம்மா சேற்றில் வழுக்கி விழப்போனாள். பிடிக்கப் போன இவரும் சேர்ந்து விழுந்தார். புது வேட்டி, கிளிப்பச்சைச் சேலை, எல்லாம் செம்மண். ஊரே சிரித்தது. வீரம்மாவும் சேற்றில் உட்கார்ந்தபடியே சிரித்தாள். அந்தச் சிரிப்புக்காகவே இன்னொரு தடவை விழலாம் போல இருந்தது அவருக்கு.

கம்பு துளிர்த்தது. இரண்டு வருடத்தில் கூரைக்கு மேலே போனது. பிள்ளை மட்டும் தங்கவில்லை. நுவரெலியா ஆஸ்பத்திரி, கண்டி ஆஸ்பத்திரி, கோயில், தாயத்து எல்லாம் பார்த்தாகிவிட்டது. யாரும் வாய்விட்டு ஒன்றும் சொல்லவில்லை, அதை அழகுமுத்து ஒப்புக்கொள்வார். ஆனால் கல்யாண வீடுகளில் ஆரத்தி எடுக்க, நலங்கு வைக்க என்று பெயர் சொல்லிக் கூப்பிடும்போது வீரம்மாவின் பெயர் மட்டும் எல்லோருக்கும் மறந்துபோகும். கூப்பிட மாட்டார்கள் என்று தெரிந்துகொண்ட பிறகு அவளும் முன்னால் நிற்பதில்லை. விடிகிறபோதே பின்பக்கம் போய், வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் பலகையைப் போட்டு உட்கார்ந்துவிடுவாள். இருபது வருடத்துக்கு மேல். எத்தனை கல்யாணம், எத்தனை மூட்டை! கண் கலங்கியிருந்தால் வெங்காயம் என்று சொல்லிக்கொள்ளலாம்.

பிறகுதான் காளியாயி மகளின் கல்யாணம் வந்தது. வழக்கமாக மண் அள்ளும் மரம் முந்தின மாதக் காற்றில் சரிந்து கிடந்தது. மேளத்தோடு கிளம்பிவிட்ட பெண்களுக்கு எங்கே போவதென்று தெரியவில்லை. நல்ல மழை. அடுத்த வீட்டுக் காளியாயிக்குப் பொறுமை என்பது பிறவியிலேயே கிடையாது. கிட்டத்தில் நின்றது வீரம்மாவின் மரம். அவசரத்துக்கு இது போதும் என்று அதன் அடியில் கையை விட்டாள். விட்டவள் அலறினாள்.

"அடியே, இங்க பாருங்கடி! மண்ணுக்குள்ள குங்குமம்! அம்மா தாயே, மாரியாத்தா, மண்ணுக்குள்ள குங்குமத்த வச்சிருக்கா!"

எல்லோரும் குனிந்து பார்த்தார்கள். ஈர மண்ணில் சிவப்புச் சிவப்பாக இழையோடியிருந்தது. காளியாயி தட்டைத் தூக்கிக்கொண்டு நேராகப் பின்பக்கம் வந்தாள். வெங்காயத் தோலோடு உட்கார்ந்திருந்தவளின் மடியில் தட்டை வைத்தாள்.

"எந்திரி மதினி. ஒன் கையாலதான் அள்ளணும்."

வீரம்மா குளித்துவிட்டு வருகிறேன் என்று சொல்லிப் பீலித் தண்ணீருக்கு ஓடினாள். பெட்டியின் அடியிலிருந்து அந்தக் கிளிப்பச்சைச் சேலையை எடுத்துக் கட்டிக்கொண்டாள். மூன்று அள்ளு அள்ளிவிட்டுத் தட்டைத் தலைக்கு மேலே தூக்கி, மேளக்காரருக்குப் பின்னால் முதல் ஆளாக நடந்தாள். வாசல் திண்ணையான இஸ்தோப்பில் நின்று பார்த்த அழகுமுத்துவுக்குக் கண் கலங்கியது. வெங்காயம் எதுவும் பக்கத்தில் இல்லை.

அன்றிலிருந்து பதினாலு கல்யாணம். மேல்லயத்துக்காரர்கள் ஓடையைத் தாண்டி வந்து வாங்கிப் போனார்கள். ஸ்கூல் வாத்தியார் வீட்டுக்கும் போனது. அந்த மரத்துக்குக் 'குங்கும மரம்' என்றே பெயராகிவிட்டது. வீரம்மாவை முன்னால் நிறுத்தாமல் கீழ்க்கணக்கில் ஒரு தாலி கட்டவில்லை.

எல்லாம் சரி. ஆனால் அந்தச் சிவப்பு எங்கிருந்து வந்தது என்று அழகுமுத்துவுக்கு இப்போது விளங்கியது. அவர் வீட்டு முருங்கைக்குப் பக்கத்தில் வெள்ளைக்காரன் காலத்து அல்பீசியா மரம் ஒன்று நின்றது. வானத்தில் குடை பிடித்த மாதிரி இருக்கும். அதைப் பலகைக்கு வெட்டினார்கள். வேரோடு தோண்டி எடு என்று அன்றைய கண்டாக்கு அழகுமுத்துவிடம்தான் சொன்னார். இவர்தான் அடிக்கட்டையை மட்டும் விட்டுவிடுங்கையா என்று கெஞ்சினார். சாயங்காலம் கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு வீரம்மா வந்து உட்கார நல்ல ஆசனம். அவளும் அதில் உட்கார்ந்துதான் காலை நீட்டித் தேத்தண்ணி குடிப்பாள். கட்டை மெல்ல மக்கி மண்ணோடு போனது. பூசணம் அந்த வேரைத் தின்று முடித்துவிட்டு முருங்கைக்கு ஏறியிருக்கிறது. பெண்சாதி உட்காரட்டும் என்று ஒரு மனுசன் ஆசைப்பட்டதுக்கு இத்தனை தண்டனை அதிகம்தான்.

புதன்கிழமை வேலை முடிந்து வந்தபோது வீரம்மா இஸ்தோப்பில் உட்கார்ந்து புளி போட்டுத் தட்டைத் துலக்கிக்கொண்டிருந்தாள். மறுநாள் தனுஷிகாவுக்குப் பந்தக்கால். நாலாவது காம்பரா வினோதாவின் மகள். குழந்தையாக இருக்கும்போது பாதி நாள் வீரம்மாவின் இடுப்பில்தான் இருக்கும். மாப்பிள்ளை துஷாந்துக்கு மேல்கணக்கில் புதிதாகத் தனி வீடு கிடைத்திருந்தது. வீட்டை ஒட்டி மூன்று வருடத்துக்கு முன் நட்ட இளந்தேயிலை. மலையே தளதளவென்று நிற்கிறது. இந்தத் தட்டிலிருந்து மூன்று அள்ளு அங்கே போனால் போதும்.

"இந்தத் தடவ தட்டுல மொகம் தெரியணும்," என்றாள் வீரம்மா. "எங்க தனுக்குட்டி கல்யாணமாச்சே." பிறகு மரத்தை நிமிர்ந்து பார்த்தாள். "ஏங்க, நம்ம மரத்துல எல மஞ்சளிக்குது பாத்தீங்களா?"

"வெயிலா இருக்கும்," என்றார் அழகுமுத்து. சொல்லிவிட்டு வானத்தைப் பார்த்தார். பத்து நாளாக வெயில் அடிக்கவே இல்லை.

சொல்லிவிடலாம்தான். சொன்னால் என்ன ஆகும்? பதினாலு கல்யாணத்தில் ஒருத்தியின் புருசன் கட்டாருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. ஒருத்திக்குக் குழந்தை செத்துப் பிறந்தது. மரம் பட்டதுக்கும் இதுக்கும் முடிச்சுப் போட ஆளுக்கா பஞ்சம்? வீரம்மா மறுபடியும் வெங்காய மூட்டைக்குப் போவாள். இந்தத் தடவை போனால், முன்பு போல மறந்துபோய் அல்ல, நினைத்து நினைத்தே ஒதுக்குவார்கள். சொல்லாமல் விட்டால் தனுஷிகா வீட்டு மலை சாகும். இரண்டுக்கும் நடுவில் ஒரு சந்து கிடைக்குமா என்று யோசித்து யோசித்து, கடைசியில் அழகுமுத்து ஒரு காரியம் செய்தார். தலவாக்கலைக்குப் போய்க் கால் கிலோ குங்குமம் வாங்கி வந்தார்.

வியாழன் விடிந்ததும் வீரம்மா தண்ணீருக்குப் போன நேரம் பார்த்து, ஓடைக்கரையிலிருந்து ஓர் உரப் பையில் சுத்தமான மண் கொண்டுவந்தார். மரத்தடியில் ஒரு குழி தோண்டி, பழைய மண்ணை ஓரமாக ஒதுக்கி, புது மண்ணைக் கொட்டி, அதில் குங்குமத்தைக் கலந்தார். கலந்த குங்குமம் இழையோடவில்லை. கட்டி கட்டியாகத் திரண்டு, அவர் இரண்டு கையையும் மணிக்கட்டு வரைக்கும் சிவப்பாக்கியதுதான் மிச்சம். திருடத் தெரியாதவன் திருடப் போன கதை.

"யாருக்குங்க பூசை?"

குடத்தை இடுப்பில் வைத்தபடி வீரம்மா பின்னால் நின்றாள்.

அழகுமுத்து எழுந்திருக்கவில்லை.  குந்தியபடியே, தரையைப் பார்த்துக்கொண்டு, கானில் கழுவிய வேரிலிருந்து அடிக்கட்டை வரைக்கும் எல்லாவற்றையும் சொல்லிவிட்டார். வீரம்மா குடத்தை இறக்கி வைத்தாள். குழிக்கு ஓரமாக ஒதுக்கியிருந்த பழைய மண்ணை ஒரு கை அள்ளி, பிசைந்து, வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். சிவப்பு இழைகள் அழகாகத்தான் இருந்தன.

"அப்ப காளியாயி மக மரம் செத்தது?"

"இதாலதான்."

"வாத்தியார் வீட்டு மரம்?"

"அதும்."

"பன்னெண்டு வருசமா நான் அள்ளி அள்ளிக் குடுத்தது சீக்கையா?"

"நீ என்னா செய்வ வீரம்மா? ஒனக்குத் தெரியுமா? அந்தக் கட்டைய விடச் சொன்னவன் நான். அதுக்குத்தான் இப்ப மண்ண மாத்தி வச்சிட்டேன். நீ பேசாம இதயே அள்ளிக் குடுத்துரு. ஒருத்தருக்கும் தெரியாது. பொறவு ஒரு நாளு மரம் தானா பட்டுருச்சுன்னு வெட்டிக்கலாம்."

"மத்த மரத்துலருந்து இன்னும் யாராச்சும் அள்ளுனா?"

 அழகுமுத்து அவ்வளவு தூரம் யோசிக்கவே இல்லை. மனைவியின் ஒரு காலைப் பொழுதைக் காப்பாற்றுவதோடு அவர் யோசனை நின்றுபோயிருந்தது.

"இந்தா பாருங்க," என்றாள் வீரம்மா.  "புள்ள இல்லன்னு என்னயப் பின்னுக்கு உக்கார வச்சப்பகூட நீங்க ஒரு பொய் சொல்லி என்னய முன்னுக்குத் தள்ளல. அதுக்காகவே ஒங்க மேல எனக்கு மருவாதி. இப்ப வயசான காலத்துல பொய்யச் சொல்லி என்னய நிக்க வைக்கப் பாக்குறீங்களா?"

குடத்தைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். அழகுமுத்து சிவந்த கைகளோடு வெகுநேரம் அங்கேயே குந்தியிருந்தார்.

பத்து மணிக்கு மேளம் வந்தது. வினோதா மஞ்சள் சேலையில் முன்னால் வந்தாள். காளியாயி குலவையை ஆரம்பித்துவிட்டாள். வீரம்மா கிளிப்பச்சைச் சேலையைக் கட்டவில்லை. வீட்டில் உடுத்தும் சேலையோடு, கையில் காலித் தட்டோடு, மரத்துக்கு முன்னால் வந்து நின்றாள். மேளக்காரரைப் பார்த்துக் கையைத் தூக்கினாள். மேளம் நின்றது.

"இந்த மரத்தடில யாரும் மண்ணு எடுக்காதீங்க," என்றாள். "இதுல இருக்குறது குங்குமம் இல்ல. வேருல வாற சீக்கு. மலையில தேயில சாவுதுல்ல, அதே சீக்கு. நான் குடுத்த மண்ணாலதான் ஒங்க மரமெல்லாம் பட்டுருச்சு. எனக்குத் தெரியாது, இன்னைக்குக் காலையிலதான் தெரியும். பட்ட மரத்தடில இருந்தும் யாரும் அள்ளாதீங்க. கண்டாக்கையா வருவாரு, வேரோட எடுத்துருவாங்க."

 கீழே ரயில் ஒன்று கூவிக்கொண்டு போனது.

"என்னா பேச்சு பேசுற மதினி?" என்று முதலில் வெடித்தது காளியாயிதான். "நல்ல நாளும் அதுவுமா! என் கண்ணால பாத்தேன், அது குங்குமம். இல்லன்னா எம் மக மரம்…" அதோடு நின்றுவிட்டாள். மகளின் மரம் நாலு வருடத்துக்கு முன்பே பட்டுப்போனது அவளுக்கு அப்போதுதான் உறைத்திருக்க வேண்டும்.

 வினோதா வீரம்மாவின் முகத்தைப் பார்க்காமல் அவள் கையிலிருந்த காலித் தட்டை மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பினாள். பின்னால் பெண்கள் நடந்தார்கள். கடைசி லயத்தில் சீக்குப் படாத ஒரு பழைய மரம் இருந்தது, அந்தப் பக்கம் போனார்கள். மேளம் கொஞ்ச தூரம் போன பிறகுதான் மறுபடி கேட்டது.

வெள்ளிக்கிழமை கல்யாணத்தன்று வீரம்மா விடியும்போதே போய், பின்பக்கம் வெங்காய மூட்டைக்குப் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டாள். யாரும் போகச் சொல்லவும் இல்லை, வேண்டாம் என்று சொல்லவும் இல்லை. அழகுமுத்து பந்தியில் உட்கார்ந்தார். சாம்பார் நன்றாகத்தான் இருந்தது என்றார்கள், அவருக்குத்தான் இறங்கவில்லை. மணவறைப் பக்கம் குலவை கேட்கும்போதெல்லாம் வீரம்மாவின் கத்தி ஒரு கணம் நிற்பதை அவர் தூரத்திலிருந்து பார்த்தார். பார்க்காமல் இருந்திருக்கலாம்.

ஞாயிற்றுக்கிழமை வேலை இல்லாத நாள். ஜூட்சனிடம் சொல்லிவிட்டு, புருசனும் பெண்சாதியுமாகத் தங்கள் மரத்தைத் தாங்களே எடுத்தார்கள். கிளைகளைக் கழித்து, சுற்றி ஆழமாகக் கான் வெட்டி, அடியைச் சாய்த்தபோது அது பெரிய சத்தம்கூடப் போடவில்லை. உள்ளே அவ்வளவு உளுத்திருந்தது. நாற்பது வருடத்து மரம் இருமி விழுந்த மாதிரி விழுந்தது. ஜூட்சன் சர்ச்சில் பூசை முடிந்து வெள்ளைச் சட்டையோடு வந்து பார்த்தார்.

"இதாண்ணே தாய் மரம்," என்றார். பிறகு வீரம்மாவைப் பார்த்துக் குரலைத் தாழ்த்தினார். "நீங்க சொல்லலன்னா, நான் இன்னும் பத்து வருசம் தேடியிருப்பேன்மா. இந்த எடத்துல ரெண்டு வருசத்துக்கு வெறும் புல்லுத்தான் போடணும். பொறவு பாக்கலாம்."

வீரம்மா தலையாட்டினாள். குழிக்குள் இறங்கி, சேலையை முழங்காலுக்கு மேலே செருகிக்கொண்டு, பென்சில் தடிப்பு வேர், அதை விட மெலிந்த வேர் என்று ஒன்று விடாமல் விரலால் துழாவிப் பொறுக்கிக்கொண்டிருந்தாள். கொழுந்தெடுத்த கை. எதையும் விடாது. அழகுமுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்து மண்ணை உடைத்துக் கொடுத்தார். மழை தூறத் தொடங்கியது. சேறு. இந்த இடத்தில்தான் இரண்டு பேரும் வழுக்கி விழுந்தார்கள். அதைச் சொல்ல வாயெடுத்தார், பிறகு வேண்டாம் என்று விட்டுவிட்டார். வீரம்மாவே சொன்னாள்.

"அன்னைக்கு நீங்க வேணும்னுதான விழுந்தீங்க?"

"ச்சே. வழுக்கிருச்சு."

"பொய்யி."

சிரிப்பு மாதிரி ஒன்று வந்து போனது. அப்போதுதான் வரப்பில் ஆள் அரவம் கேட்டது. காளியாயி வந்திருந்தாள். கிட்டே வராமல், குடையைப் பிடித்துக்கொண்டு தூர நின்றாள். "யாரு என்னா சொன்னாலும் நான் பாத்தது குங்குமம்தான்," என்று பொதுவாகக் காற்றிடம் சொன்னாள். சொல்லிவிட்டும் போகவில்லை. குடையை மடக்கி வரப்பில் வைத்துவிட்டு, குவித்திருந்த வேர்களைக் கூடையில் அள்ளி எரிக்கிற இடத்துக்குக் கொண்டுபோக ஆரம்பித்தாள்.

அவளுக்குப் பின்னாலேயே வந்துவிட்டாள் தனுஷிகா. கழுத்தில் புது மஞ்சள் கயிறு, கையில் அழியாத மருதாணி, காலில் மாப்பிள்ளையின் பெரிய செருப்பு. கானுக்கு அந்தப் பக்கம் நின்றாள்.

"பெரியம்மா, இன்னைக்குக் கம்பு நடணும். எல்லாரும் மேல்கணக்கு வீட்டுல காத்துக்கிட்டு நிக்கிறாங்க. ஏறுங்க."

வீரம்மா நிமிரவில்லை. "நீங்க நடுங்க கண்ணு. எனக்கு இங்க வேல கெடக்கு."

"குழியில மொத மண்ணு நீங்கதான் போடணும்."

"இனி எங்கிட்ட ஏதும்மா மண்ணு?"

"மண்ணு அங்கயே மல மாதிரி கெடக்கு பெரியம்மா," என்றாள் தனுஷிகா. "மண்ணுக்கு யாரு வந்தா? ஒங்களக் கூட்டிக்கிட்டுப் போவத்தான் வந்தேன். அம்மாதான் அனுப்புனாங்க. அன்னைக்கு ஒங்க மொகத்தப் பாக்க முடியாமப் போனாங்களாம், ராப்பூரா தூங்கல. நீங்க வராட்டி கம்பு தகரத்துலயே நிக்கட்டும்னு நான் சொல்லிட்டேன்."

வேரைத் துழாவிக்கொண்டிருந்த கை நின்றது. வீரம்மா மெல்ல எழுந்தாள். சேறு வழிகிற இரண்டு கைகளையும் முன்னால் நீட்டி, அவை யாருடையவையோ என்பது போலப் பார்த்தாள். அழகுமுத்துவுக்குக் கண்ணை மறைத்தது. மழைதான் என்று சொல்லிக்கொள்ளலாம்.

தனுஷிகா கானைத் தாண்டக் காலெடுத்தாள்.

"உள்ளுக்கு வராத," என்றாள் வீரம்மா. "அந்தப் பக்கமே நில்லு. சீக்கு மண்ணு காலுல ஒட்டிக்கும்." பிறகு அழகுமுத்துவைப் பார்த்தாள். "ஏங்க, அந்தச் சவுக்காரத்த எடுத்துக்கிட்டு வாங்க. நல்லாத் தண்ணி ஊத்துங்க. கையக் கழுவிட்டுப் போறேன்."